பவளக்காரர் வீட்டுத் தொட்டில்

பவளக்காரர் வீட்டுத் தொட்டில் தானாக ஆட ஆரம்பித்தது என்றுதான் சென்னைப் பட்டணத்தில் எல்லோரும் சொன்னார்கள், பேப்பரிலும் அப்படித்தான் போட்டார்கள். அது தானாக ஆடவில்லை, தன் வலது கைதான் ஆட்டிவிட்டது என்று தெரிந்த தவமணியோ, பெரம்பூரில் தன் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை.

அப்போது அவள் மருமகள் நிவேதாவுக்கு ஏழாம் மாதம். முதலில் உண்டானது மூன்றாம் மாதமே தங்காமல் போய், அதற்கப்புறம் கோயில், ஆஸ்பத்திரி, மறுபடி கோயில் என்று வருஷக்கணக்கில் அலைந்து, கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் வைத்துக் கொடுத்த நெய்யை ஒருநாள் விடாமல் சாப்பிட்டு உண்டான பிள்ளை அது. அதனால் தவமணி அந்தப் பெண்ணை இடி மின்னலைக்கூட எட்டிப் பார்க்க விடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

"வீட்டுக்குள்ளயே கெடந்து மூச்சு முட்டுது அத்தை," என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நிவேதாதான் கிளப்பினாள். "பீச்சுன்னா வெயிலு. மாலுன்னா நடந்தே செத்துருவேன்."

"நல்ல வார்த்தையா பேசு கண்ணு."

"சரி, நல்ல வார்த்தை. ஹார்பர் பக்கத்துல பவளக்காரர் வீடுன்னு ஒண்ணை மியூசியம் ஆக்கியிருக்காங்களாம், உள்ள ஜில்லுனு இருக்குமாம். உங்க பிள்ளைக்கு இன்னைக்கும் ஷிஃப்ட்டு. நாம ரெண்டு பேரும் ஆட்டோ பிடிச்சுப் போவோம்."

லாரிகளும் இரும்புக் கடைகளும் மூட்டை தூக்குகிறவர்களின் சத்தமுமாக இருந்த ஒரு தெருவில், வாசல் சின்னதாகவும் உள்ளே போகப் போக முடிவில்லாமலும் இருந்தது அந்த வீடு. கப்பலில் வந்த பவளத்தை வாங்கி விற்றே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பம், வாரிசுகளெல்லாம் கடல் கடந்து போய்விட்ட பிறகு அரசாங்கத்திடம் ஒப்படைத்த வீடு. பவளம் எடை போட்ட தராசு ஒரு அறையில், பல்லக்கு ஒரு அறையில், பர்மாத் தேக்குத் தூண்களோ எண்ணி மாளாது.

"இத்தனை தூணையும் யாரு துடைச்சிருப்பா?" என்றாள் தவமணி.

"உங்களுக்கு அரண்மனைக்குப் போனாலும் துடைக்கிறதுதான் ஞாபகம் வரும்."

மூன்றாம் முற்றத்தை ஒட்டி, அந்த வீட்டுப் பெண்கள் பிள்ளை பெற்ற அறை இருந்தது. உத்தரத்திலிருந்து பித்தளைச் சங்கிலியில் ஒரு மரத்தொட்டில் தொங்கியது. பவளச் சிவப்பு வர்ணம், சுற்றிலும் கிளி வரிசை. யாரும் கிட்டே போகாதபடி கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். நிவேதா பக்கத்து அறையில் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வயிறு தெரிகிற மாதிரி தன்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தவமணி தொட்டிலைக் கும்பிடத்தான் போனாள். ஆனால் ஒற்றை அறை வீட்டில், புடவைத் தூளியைக் காலால் ஆட்டிக்கொண்டே கீரை ஆய்ந்து, கையால் ஆட்டிக்கொண்டே அடுப்பை ஊதி, மூன்று பிள்ளைகளை வளர்த்தவளின் கை அது; கும்பிட எழுந்த கை கும்பிடாமல், கயிற்றைத் தாண்டிப் போய், தொட்டிலின் விளிம்பைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளிவிட்டது.

வெறும் தொட்டில். வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று தெரியாத பெண்பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? இதற்காகத் தன் பிள்ளைகளின் கையில் எத்தனை தடவை அடி போட்டிருக்கிறாள் தவமணி! சுட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். தொட்டில் நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அது நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஆட்டுகிற மாதிரி, அவசரமும் இல்லாமல் சோம்பலும் இல்லாமல், போய்ப் போய் வந்தது.

"அட, ஆடுது பாருங்க!" என்று நிவேதா வந்து நின்றாள். "காத்தா அத்தை?"

"காத்துதாம்மா."

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. தவமணி மருமகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை மியூசியத்துக்கு லீவு. செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தபோதும் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மியூசிய ஆபீசர் மேலிடத்துக்குத் தகவல் சொல்ல, மேலிடத்திலிருந்து வந்த இன்ஜினியர் உத்தரத்தைத் தட்டிப் பார்த்து, சங்கிலியைச் சுண்டிப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அங்கேயே தூணில் சாய்ந்து சாயங்காலம் வரை தூங்கினார். தொட்டிலைப் பிடித்துத் தூணோடு கட்டினார்கள். தூண் ஆட ஆரம்பித்தது, வீடே விலைமதிக்க முடியாதது என்பதால் அவிழ்த்துவிட்டார்கள். காவலுக்குப் போட்ட ஆட்களெல்லாம் உட்கார்ந்த நாற்காலியிலேயே குறட்டை விட்டார்கள் என்று, மூன்று பெண்களுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த ஒருவரைத் தேடிப் பிடித்து நியமித்தார் ஆபீசர். அவர் ஒருவர்தான் கண் மூடாமல் இருந்தார்.

பட்டணம் எதையும் ரொம்ப நாள் ஆச்சரியமாக வைத்துக்கொள்ளாது. பத்துப் பதினைந்து நாளில் "தொட்டில் வீடா, ஏறு" என்று ஆட்டோக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். வாசலில் கிலுகிலுப்பைக் கடை வந்தது, பூக்கடை வந்தது, கிரைப் வாட்டர் விற்கிறவர் வந்தார். சீர் தட்டிப்போய் ராத்திரியெல்லாம் அழுகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த அறையில் ஒரு நாழிகை நின்றால் போதும், தோளில் தலை சாய்ந்துவிடும் என்று தாய்மார்கள் வரிசை கட்டினார்கள். கால் சென்டர் பிள்ளைகள் மத்தியானத்தில் வந்து பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள், லாரி டிரைவர்கள் வந்து படுத்தார்கள், வட்டியில்லாமல் கிடைக்கிற ஒரே தூக்கம் என்று வியாபாரிகளும் வந்து படுத்தார்கள். விவரம் தெரிந்த பெண்கள் சிலர், பிள்ளையை விடுவதற்கு முன்னால் தொட்டிலில் குழவிக்கல்லைப் போட்டு ஆட்டுகிற முறைப்படி, ஒரு குழவிக்கல்லைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து கிடத்தினார்கள். தொட்டில் கல்லையும் சேர்த்துத் தாலாட்டியது. ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது கல் கொஞ்சம் உடம்பு தேறியிருந்தது என்றும், தூக்கியவளுக்கு மார்பு கனத்தது என்றும் பேசிக்கொண்டார்கள்.

தவமணி மட்டும் தூங்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற மிக்சியை அணைக்காமல் வந்துவிட்டவள் மாதிரி அவள் மனசு அந்த அறையிலேயே கிடந்து ஆடியது. நிவேதா வயிற்றைத் தொட்டால் பதறினாள், தொடாவிட்டாலும் பதறினாள். "தாயே, ஆட்டின கையை எடுத்துக்கோ, பிள்ளையை விட்டுடு," என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டினாள். ஆட்டினதைச் சொன்னால் அந்தப் பெண் பயந்து போவாள், பயந்தால் வயிற்றுக்கு ஆகாது என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் நிவேதா போனைப் பார்த்துக்கொண்டே, "ஐயையோ, பாவம் அத்தை," என்றாள். "தொட்டில் ஆடினதுக்கு யாரு பொறுப்புன்னு மேல கேட்டாங்களாம். தினமும் அதைத் துடைக்கிற அம்மா ஒருத்தங்க, கஸ்தூரின்னு பேரு, அவங்க மேலதான் பழி. வேலையை விட்டே அனுப்பிட்டாங்களாம்."

தவமணி வாய்க்குக் கொண்டுபோன காப்பியை அப்படியே கீழே வைத்தாள்.

அன்றைக்கே, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, மியூசியத்துக்குப் போனாள். ஆபீசர் அறை வாசலில் ஒரு நீளமான பெஞ்சு, பெஞ்சு நிறையப் பெண்கள்.

"நீங்களும் ஆட்டினவங்களா? தள்ளி உக்காருங்கம்மா, அவங்களுக்கு இடம் விடுங்க," என்றார் ஆபீசர், களைத்துப் போன குரலில்.

அப்போதுதான் தவமணிக்கு விஷயம் புரிந்தது. அந்தப் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும், நான்தான் ஆட்டினேன், நான்தான் ஆட்டினேன் என்று சொல்ல வந்தவர்கள். பிள்ளையை ஹாஸ்டலில் விட்டவள் இருந்தாள், கோபத்தில் சாபம் கொடுத்தவள் இருந்தாள், பெண்ணாக இருந்தால் வேண்டாம் என்று ஒரு காலத்தில் தலையாட்டியவள் இருந்தாள்.

"ஏம்மா, நீங்க விழுப்புரம். இந்த ஊருக்கே இன்னைக்குத்தான் வர்றேன்றீங்க. நீங்க எப்படி ஆட்டியிருக்க முடியும்?" என்று ஆபீசர் ஓர் அம்மாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"முன்னாடியே வந்திருந்தா ஆட்டியிருப்பேனே சார்," என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தவமணி தன் முறை வந்ததும் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஆபீசர் தலையை ஆட்டினார். "சரிம்மா. மனசு லேசாச்சா? வெளிய மோர் குடுக்கறாங்க, குடிச்சிட்டுப் போங்க."

"நான் நிஜமாவே ஆட்டினேன் சார்."

"எல்லாரும் நிஜமாத்தாம்மா சொல்றாங்க. அந்தக் கஸ்தூரியும் நிஜமாத்தான் சொல்லிச்சு. நான் கேட்கக்கூட இல்ல, அதுவா வந்து ஒத்துக்கிச்சு."

மாப்பிள்ளை தேடுகிற காவல்காரரிடம் கஸ்தூரி இருக்கிற இடத்தைக் கேட்டுக்கொண்டு, தவமணி காசிமேட்டுக்குப் போனாள். வரிசையாக இருந்த ஹவுசிங் போர்டு வீடுகளில் ஒன்றின் கீழே, நிழலில் உட்கார்ந்து, கம்பெனிக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தாள் கஸ்தூரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். எதிரே உட்கார்ந்து தவமணி சொன்னதையெல்லாம், கை நிற்காமல் கேட்டாள்.

"எம் மேல தப்பும்மா. உன் பொழைப்பு போச்சு. நான் ஆபீசர்கிட்டச் சொல்லிட்டேன், மறுபடியும் சொல்றேன், எத்தனை தடவை வேணும்னாலும்..."

"சொல்லாதக்கா," என்றாள் கஸ்தூரி.

"ஏம்மா?"

"இன்னாத்துக்குக்கா நீ வந்து புடுங்கிகினு போற? அது என்னுது." இறாலைத் தட்டில் போட்டுவிட்டுக் கையை உதறினாள். "எனக்கு ஒரு புள்ள இருந்துச்சு. ஆறு மாசம். தண்ணி லாரி வந்துச்சுன்னு, நான் வர்ற வரைக்கும் ஆடிகினு இருக்கட்டும்னு தூளிய ஒரு தள்ளு தள்ளிட்டு ஓடினேன். கொடத்தோட வர்றேன், தூளி ஆடிகினுதான் இருக்குது. அழல, நல்லாத் தூங்குதுன்னு சோறு வடிச்சேன், கொழம்பு வச்சேன். அப்பால போய் எட்டிப் பாத்தா..." அவள் மேலே சொல்லவில்லை. "அந்த ஊட்ல வேலைக்குச் சேந்ததுலேந்து, தொடச்சி முடிச்சா ஒரு தள்ளு தள்ளிட்டுதான் வருவேன். யாருக்கும் தெர்யாது. எத்தினி வருசம்! ஒரு நாளும் ஆடல. இப்பதான் ஆடுது. எம்புள்ள முழிச்சிகிச்சு போல, என்னிய கேட்டுகினு ஆடுதுன்னு நான் நெனச்சிகினு கெடக்கறேன். வேல போனா இன்னா, தெனம் போய் அந்தத் தூணாண்ட நின்னு பாத்துட்டு வர்றேன். நீ வந்து நாந்தான்றியே, அப்ப எம்புள்ள?"

ஒரு சுமையை இறக்கி வைக்கப் போனவள் இரண்டாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நிவேதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நிவேதா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் அத்தை அன்னைக்கே சொல்லல?"

"பயந்துருவியேன்னுதாம்மா."

"நான் பயந்துருவேன்னா, இல்ல நான் உங்களை ஏதாச்சும் சொல்லிருவேன்னு நீங்க பயந்தீங்களா?"

தவமணி அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினாள். அது உண்மையாகத்தான் இருந்தது.

வளைகாப்பு முடிந்து நிவேதா தாய் வீட்டுக்குப் போனாள். போகும்போது கை நிறைய வளையல் இருந்தது, வாயில் ஒரு சொல் இல்லை. அப்புறம் போன் வந்தால் மகனுக்குத்தான் வந்தது. தவமணி ஒருவேளைச் சாப்பாட்டை நிறுத்தினாள், நெற்றி தரையில் பட விழுந்து எழுந்தாள். நாள் நெருங்கிப் பெண் குழந்தை பிறந்தது. கை கால் கண் மூக்கு எல்லாம் அதது அந்தந்த இடத்தில், கத்தினால் வார்டே திரும்பிப் பார்க்கிற குழந்தை. தவமணி ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தாள். நிவேதாவின் அம்மா கோமதி குழந்தையை அவள் கையில் கொடுக்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இருப்பதாகத் தவமணியும் நினைக்கவில்லை.

தொட்டில் போடுகிற நாள் வந்தபோது, கோமதி தானே போன் செய்தாள். "சம்பந்தியம்மா, நாலு பெரியவங்களைக் கேட்டாச்சு. எந்தத் தொட்டிலை வெறுசா ஆட்டினீங்களோ, அதுலயே புள்ளையப் போட்டாத்தான் தோஷம் கழியுமாம். ஆபீசரும் சரின்னுட்டார். வந்து சேருங்க."

ஆபீசர் சரி என்றதில் ஆச்சரியம் இல்லை. மோர் கொடுத்துக் கொடுத்து அவர் அலுத்துப் போயிருந்தார். லீவு நாளாகப் பார்த்துத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். ஆனாலும் விஷயம் கசிந்து, மூன்று முற்றமும் நிறைய ஜனம். பெஞ்சுப் பெண்கள் வந்திருந்தார்கள், விழுப்புரத்து அம்மா வந்திருந்தாள், கால் சென்டர் பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் நின்றார்கள். தூணோடு தூணாகக் கஸ்தூரியும் நின்றாள். காவல்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். நிவேதா பக்கத்தில் நிற்க, கோமதி குழந்தைக்குக் கன்னத்தில் மை வைத்து, மஞ்சள் துணி விரித்து, ஆடிக்கொண்டிருந்த தொட்டில் தன் பக்கம் வரும்போது லாகவமாகப் பிள்ளையைக் கிடத்தினாள்.

தொட்டில் நின்றது.

தேடி வந்த வீட்டு வாசலில் நடை நிற்பதுபோல, ஒரு சின்ன அசைவுகூட மிச்சமில்லாமல் நின்றது. கால் சென்டர் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மணி என்ன என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டார்கள். தெருவில் லாரிகள் ஹாரன் அடித்த சத்தம் முதல் தடவையாக அந்த அறைக்குள் கேட்டது. குழந்தை முகத்தைச் சுளித்து, காலை உதைத்து, வீறிட்டது.

"கழிஞ்சுது!" என்றாள் கோமதி. "ஆட்டுங்க சம்பந்தியம்மா. நீங்க ஆரம்பிச்சது, நீங்களே ஆட்டுங்க."

தவமணியின் கை எழுந்தது. இத்தனை மாதமாக வேண்டியது இதற்குத்தானே! பிள்ளை முழுசாக இருக்கிறது, தொட்டில் நின்றுவிட்டது, கையை வைத்து ஆட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது. ஆனால் தொட்டிலைப் பார்க்க வேண்டியவள் தூணைப் பார்த்துவிட்டாள். கஸ்தூரியின் முகம், குடத்தை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தவளின் முகமாக இருந்தது. தன் பேத்திக்காக நின்ற தொட்டில், அவள் பிள்ளைக்காக ஆடிக்கொண்டிருந்த தொட்டில்.

"கஸ்தூரி," என்று கூப்பிட்டாள் தவமணி. "நீ வந்து ஆட்டும்மா."

"யாரைக் கூப்பிடறீங்க?" என்று கோமதி பதறினாள். "புள்ளை குட்டியோட இருக்கறவங்க ஆட்டணும். தங்காதவ கையி மொத மொத படலாமா? புத்தி கித்தி பெரண்டு போச்சா உங்களுக்கு?"

கோமதி சொன்னது தவமணிக்குத் தெரியாததில்லை. அவளும் அதே சாத்திரத்தில் வளர்ந்தவள்தான். கூப்பிட்ட வாயை மூடிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தாள். குழந்தை கத்திக்கொண்டே இருந்தது. எல்லோரும் நிவேதாவைப் பார்த்தார்கள்.

"தங்காதவன்னா நானுந்தாம்மா," என்றாள் நிவேதா. "மொதல்ல ஒண்ணு போச்சே, மறந்துட்டியா? அப்ப என் கையும் படக் கூடாதா?" கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நிவேதா மாமியாரைப் பார்க்கவில்லை, தூணைப் பார்த்தே சொன்னாள்: "வாங்கக்கா. கத்துறா பாருங்க."

கஸ்தூரி கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து, இறால் வாடை போயிற்றா என்று மோந்து பார்த்து, வந்து நின்றாள். விளிம்பைப் பிடித்து ஆட்டினாள். குழந்தை உடனே ஒன்றும் தூங்கிவிடவில்லை. கத்தியது, விக்கியது, மறுபடி கத்தியது. கஸ்தூரிக்குத் தாலாட்டு எதுவும் வரவில்லை. "ந்தா வந்துட்டேன், ந்தா வந்துட்டேன்," என்று அதையே சொல்லிச் சொல்லி ஆட்டினாள். ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள். பூக்கடைக்காரி கடையை எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டு போனாள். எப்போது என்று யாரும் கவனிக்காத ஒரு நேரத்தில் அழுகை நின்றிருந்தது.

அறை அத்தனை அமைதியாக இருந்தது. தவமணியால் தாங்க முடியவில்லை. தப்பு என்று தெரிந்தும், கஸ்தூரி பார்க்கிறாள் என்று தெரிந்தும், குனிந்து, ஆடுகிற தொட்டிலோடு கூடவே கையைக் கொண்டுபோய், புறங்கையைப் பேத்தியின் மூக்குக்கு நேரே வைத்தாள். வைத்த பிறகுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. நிமிர்ந்து கஸ்தூரியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கஸ்தூரி ஆட்டுவதை நிறுத்தவில்லை. அவள் குரல் மட்டும் மேலேயிருந்து மெல்ல வந்தது.

"மூச்சு வர்தாக்கா?"

"வருதும்மா."

"நல்லாப் பாருக்கா," என்றாள் கஸ்தூரி.